இன்னொரு ராடு

சத்தம் நின்றால்தான் பயமாக இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரைக்கும் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியே எனக்குப் பதிலாக யோசித்துக்கொள்கிறது. அடுத்த ராடு மாட்டுவதற்காக நிறுத்துகிறார்களே, அந்த இரண்டு நிமிடம்தான் என் தலையில் விழுகிறது. அந்த இரண்டு நிமிடமும் திருச்செங்கோட்டிலிருந்து வண்டியோடு வந்த மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வாய் திறந்து கேட்கமாட்டான். தோட்டத்துச் சொந்தக்காரன் ஒரு விரலைத் தூக்கினால் இன்னொரு ராடு, உள்ளங்கையைக் காட்டினால் வேலை முடிந்தது, வண்டியைக் கட்டு. அவ்வளவுதான் பாஷை. நேற்றுக் காலையிலிருந்து ஐம்பது ராடு இறங்கிவிட்டது. ராடு ஒன்று இருபது அடி, ஆக ஆயிரம் அடி. மேலே வந்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் கல் பொடி. வேலி, பம்ப் ரூம், காயப்போட்ட வேட்டி, என் மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றின்மேலும் அந்தப் பொடி. எச்சில் துப்பினால் சிமெண்ட் வருகிறது. நான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் மஞ்சப்பை. பையில் இருப்பது என் பணம் இல்லை, தாரணியுடையது. என் ஒரே மகள். அறுபது பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தேன், மூன்று வருஷம் கழித்து இரண்டு வளையலோடு திரும்பி வந்தாள். அந்த வளையலை விற்ற ஒரு லட்சத்து எண்பதாயிரம் இது. கோயமுத்தூரில் லேப் டெக்னீஷியன் படிப்பு, சீட்டுக் கிடைத்துவிட்டது, இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் முழுப் பணமும் கட்டவேண்டும். என் கைக்காசு நேற்று எண்ணூறு அடியோடு தீர்ந்தது. இன்று காலை ஏழு மணிக்கு இந்தப் பையை முதல்முறை திறந்தேன். தெரியாமல் திறக்கவில்லை, அவளிடம் சொல்லிவிட்டுத்தான் திறந்தேன். “மத்தியானத்துக்குள்ள தண்ணி வந்துரும் சாமி. கொறையறத நான் பொரட்டித் தர்றேன். நானே வந்து கட்டறேன்” என்றேன். தாரணி தலையை ஆட்டினாள். சந்தோஷமாக ஆட்டினாளா என்று நான் பார்க்கவில்லை, மேனேஜர் காத்துக்கொண்டிருந்தான்.

இப்போது மேனேஜர் கட்டிலுக்கே வந்துவிட்டான். “ஏனுங்க சார், ஆயிரம் ஆச்சுங்க. இதுக்கு மேலன்னா அடிக்கு முந்நூத்தம்பதுங்க. நூறடிக்கு முன்பணம் குடுத்துருங்க.” கொடுத்துவைத்தவன், ஆழம் போகப்போக அவனுக்குக் கூலி ஏறுகிறது. எண்ணூறுக்கு மேலே முன்பணம் வாங்காமல் ஒரு ராடுகூட இறக்கமாட்டான், தண்ணீர் வராத குழிக்குக் காசு கொடுக்காமல் நழுவியவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். முதல் நூறுக்கு இருபத்தைந்து, அடுத்த நூறுக்கு முப்பது, இப்போது முப்பத்தைந்து. காலையில் இருபத்தைந்தாயிரத்தை மூன்று தரம் எண்ணி எடுத்தேன். அது என்ன பெரிய தொகையா, வடக்காலத் தோட்டத்துக் குப்புசாமியிடம் கைமாற்றாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டேன். முப்பதை எடுத்தபோது ஒரு தரம்தான் எண்ணினேன், இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்கலாம் என்று தோன்றியது. இப்போது முப்பத்தைந்தை எடுக்கும்போது அதைவிட நல்ல யோசனை வருகிறது. பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு யாரும் சீட்டுக் கொடுக்கப்போவதில்லை. முழுசாக இல்லை என்றான பிறகு பையில் தொண்ணூறு இருந்தால் என்ன, அறுபது இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான். இப்படித் தெளிவாக யோசிக்க எத்தனை பேருக்கு வரும். முப்பது வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் செகரெட்டரியாக உட்கார்ந்து ஊர்ப் பணத்தை எண்ணிய கை இது. விரலைத் தூக்கினேன். ஐம்பத்தோராவது ராடு உள்ளே இறங்குகிறது, கம்ப்ரசர் உறுமுகிறது, தொடை எலும்புவரைக்கும் அதிர்கிறது, அப்பாடா.

ஆயிரத்து இருபது. இந்த ராடுதான். குப்புசாமிக்கு ஆயிரத்து இருபதில்தான் தண்ணீர் பீறிட்டது, வேலிக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து இருநூறு தப்படி. நான்கு அங்குலத் தண்ணீர், பதினோரு பேர் பார்க்க, ஒரு கிடாய் வெட்டிச் சோறு போட்டான். ஆனால் அந்தக் குழி குப்புசாமி போட்ட குழியே இல்லை. ஆறுச்சாமி போட்டது. ஆறுச்சாமி எழுநூறு அடியில் என் முன்னால் வந்து நின்றான், சங்கத்தில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. “செகரெட்டரிங்க, இன்னும் ஒரு அம்பதாயிரம் குடுத்தீங்கன்னா எட்டிப் புடிச்சுருவனுங்க” என்றான். நான் அவனை உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன், அப்படி வைத்தால் எதிரில் நிற்பவனுக்கு நடுக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். “போன காசப் பாக்காத ஆறுச்சாமி. போகப்போற காசப் பாரு. குழிக்குள்ள போட்டது போட்டதுதான், அத எடுக்கறதுக்காக இன்னும் போட்டீன்னா உன்னையும் சேத்துப் பொதைக்க வேண்டியதுதான்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கிளார்க்குகள் சிரித்தார்கள். எவ்வளவு நன்றாகப் பேசினேன் என்று எனக்கே ஒரு வாரம் தித்திப்பாக இருந்தது. அவன் நிறுத்தினான். தோட்டத்தைக் குப்புசாமிக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தான். குப்புசாமி அதே குழியில் வண்டியை நிறுத்தி முந்நூற்று இருபது அடி கூடப் போட்டான், அவ்வளவுதான், தண்ணீர். ஆறுச்சாமி இப்போது பல்லடம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன். போன மாசம் அந்த வழியாகப் போனபோது எழுந்து நின்று சலாம் வைத்தான், நான் வண்டியை நிறுத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் செய்த தப்பு ஒன்றே ஒன்று, என் பேச்சைக் கேட்டது. நிறுத்தியவன் வாட்ச்மேன், நிறுத்தாதவன் கிடாய் வெட்டினான். எழுநூறு, எண்ணூறு, ஆயிரம் என்று போட்டு ஒன்றும் வராமல் மூடியவர்கள் இந்தப் பஞ்சாயத்தில் முப்பது பேராவது இருப்பார்கள். அவர்கள் முகம் ஒன்றுகூட இப்போது ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. குப்புசாமியின் கிடாய்தான் ஞாபகம் வருகிறது, அதன் மசால் வாசனை. பொடியையே பார்க்கிறேன். சாம்பல். காய்ந்த சாம்பல். ராடு முழுசும் இறங்கிவிட்டது. ஆயிரத்து இருபதில் அவனுக்கு வந்தது எனக்கு வரவில்லை. பூமி இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், எனக்கு ஆயிரத்து அறுபதில் வரும். விரலைத் தூக்கினேன்.

நீரோட்டம் பார்க்கிற மாரண்ணன் பொய் சொல்லமாட்டார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு செருப்பில்லாமல் தோட்டம் முழுக்க நடந்தார், இந்த இடத்துக்கு வந்ததும் தேங்காய் தானாக எழுந்து நின்றது, என் இரண்டு கண்ணால் பார்த்தேன். மூவாயிரம் ரூபாயும் ஒரு வேட்டியும் கொடுத்தேன். இதற்கு முன்னால் போட்ட இரண்டு குழியும் மாரண்ணன் காட்டிய இடம்தான், இரண்டிலும் எலி மூத்திரம் அளவுக்குக்கூட ஈரம் இல்லை. முதல் குழியில் வண்டிக்காரன் ஒரு தப்படி தள்ளி நிறுத்திவிட்டான் என்றார் மாரண்ணன். இரண்டாவது குழியை அஷ்டமியில் தொட்டுவிட்டோம் என்றார். நியாயம்தான். இரண்டு தரம் தப்பினால் மூன்றாவது தரமும் தப்புமா, பூமிக்கும் ஒரு கணக்கு இருக்கும் அல்லவா. கீழே எனக்கென்று ஒரு தண்ணீர் நின்றுகொண்டிருக்கிறது. நூற்று நாற்பது தென்னைக்கும் கொண்டை தொங்கிவிட்டது, ஒவ்வொரு மட்டையாகப் பொத்தென்று விழுகிறது, ராத்திரி அந்தச் சத்தம் கேட்டால் யாரோ என் கணக்கில் ஒன்றைக் கழிப்பதுபோல இருக்கிறது. நானே பாத்தி கட்டி நட்ட மரங்கள். நூற்று நாற்பதையும் இன்றைக்கு விலைக்குக் கேட்டு ஒருத்தன் வந்தால் என்ன கேட்பான், செங்கல் சூளைக்கு விறகு விலை கேட்பான். நான் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் இதே மரங்களை வேறொருவன் தோட்டத்தில் பார்த்து, விலைக்கு வாங்கிக்கொள் என்றால், காசு கொடுப்பேனா? கொடுக்கமாட்டேன், கிறுக்கா எனக்கு. அது வேறே, இது வேறே. மத்தியானம் ஒரு மணிக்கு வண்டி ஆட்கள் ஆறு பேருக்கும் சாப்பாடு வாங்கப் போனேன். முக்கு மெஸ்ஸில் பொட்டலம் தொண்ணூறு என்றான். கொள்ளை. ஸ்கூட்டரைத் திருப்பி நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போய் எண்பதுக்கு வாங்கிவந்தேன். அறுபது ரூபாய் மிச்சம். அந்த நேரத்துக்குள் மூன்று ராடு இறங்கிவிட்டது, போகும்போதே மேனேஜரிடம் மூன்று விரல் காட்டிவிட்டுப் போயிருந்தேன். மூன்று ராடு என்றால் இருபத்தோராயிரம். ஆனால் அறுபது ரூபாய் அறுபது ரூபாய்தான், காசின் அருமை தெரிந்தவனுக்குத்தான் அது புரியும்.

தாரணி தென்னமட்டைக் குவியல்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வெளியூர் போகிற உடுப்பு, பச்சைச் சுடிதார், முழுக்கை. இந்த வெயிலுக்கு முழுக்கை எதற்கு என்று யாராவது கேட்டால் பொடி விழுகிறது என்பாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டும் சீட்டுக் கிடைத்த கடிதமும். பொடி விழாமல் ஃபைலை ஷாலால் மூடியிருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, என் மடியில் இருக்கிற பையையும் பார்க்கவில்லை, குழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏதாவது கேட்டுத் தொலைத்தால் நானும் இரண்டு வார்த்தை கத்தி மனசை ஆற்றிக்கொள்ளலாம். கேட்காதவர்களை என்ன செய்வது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், பிடிவாதம் வெளியே தெரியாது. மாப்பிள்ளை பார்த்தபோதும் கேட்கவில்லை. அவர்கள் நூறு பவுன் என்று ஆரம்பித்தார்கள், நான் பேசிப் பேசி அறுபதுக்குக் கொண்டுவந்தேன். நாற்பது பவுன் லாபம் என்று அன்று ராத்திரி தூங்கவேயில்லை, அவ்வளவு சந்தோஷம். அவர்கள் நாற்பது என்று ஆரம்பித்திருந்தால் அறுபது கொடுத்திருப்பேனா, எழுந்து வந்திருப்பேன். அடுத்த தீபாவளிக்குக் கார் கேட்டார்கள். அறுபது பவுன் போட்டது வீணாகக் கூடாது என்று கார் வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் தறி ஷெட்டுக்கு ஐந்து லட்சம் கேட்டார்கள். பவுனும் காரும் வீணாகக் கூடாது என்று தாராபுரம் ரோட்டு மனையை விற்றுக் கொடுத்தேன். அது வேறே. கல்யாணக் காரியம் வேறே, தோட்டக் காரியம் வேறே, எதையும் எதோடும் முடிச்சுப்போடக்கூடாது. முடிச்சுப்போட்டால் தலை சுற்றும். “அப்பா, மூணு பத்து பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்கிறாள். ராடு மாட்டும் இடைவெளி, அதனால் கேட்கிறது. “இரு சாமி, இந்த ராடு எறங்கட்டும்” என்றேன். “சரிங்கப்பா” என்றாள்.

இந்த “சரிங்கப்பா”வை எங்கேயோ கேட்டிருக்கிறேன். வீட்டுக்குள் தினமும் கேட்கிறதுதான், ஆனால் இந்த மாதிரி, இவ்வளவு தட்டையாக, ஒரே ஒரு தடவை. போனில். அவளைக் கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷம், சித்திரையில் காய் வெட்டுக்கு ஆள் விட்டிருந்தேன், வியாபாரி தேங்காயை எண்ணிக்கொண்டிருந்தான். ஆயிரத்துக்கு இத்தனை என்று காசில்லாமல் தனக்கு லாபக்காய் தள்ளுவான், கண்ணை எடுத்தால் பத்துக் காய் கூடத் தள்ளுவான், நானும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன். அறுநூற்று நாற்பது, அறுநூற்று நாற்பத்தொன்று, அப்போது போன். மாமியார் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன் என்றாள், காற்றுச் சத்தம் கேட்டது. “அப்பா, என்னயக் கூட்டீட்டுப் போயிருங்கப்பா” என்றாள். என்ன ஆச்சு என்று கேட்டேனா, ஞாபகம் இல்லை. எண்ணிக்கை போய்விட்டது, அதுதான் ஞாபகம். வியாபாரி இதுதான் சமயம் என்று இரண்டு கையாலும் வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். பவுன், கார், தறி ஷெட், மனை, எல்லாம் வரிசையாகக் கண்முன்னால் வந்து நின்றது. இத்தனையும் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஒரு பெண்ணைக் கூட்டிவருவதா, ஊர் என்ன சொல்லும், குப்புசாமி வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு என்ன சிரிப்புச் சிரிப்பான். “இவ்வளவு தூரம் வந்தாச்சு சாமி. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்” என்றேன். அப்புறம் “சரிங்கப்பா.” பதினான்கு மாசம் பொறுத்துப் பார்த்தாள். பதினோராவது மாசம் இஸ்திரிப் பெட்டி. இடது கை. நான் இதுவரைக்கும் அந்தக் கையை முழுசாகப் பார்த்ததில்லை, சோறு போடும்போது தட்டைப் பார்த்துக்கொள்வேன். அன்றைக்கு வியாபாரி பதினெட்டுக் காய் கூடத் தள்ளிவிட்டான், அதை மட்டும் இன்றைக்கும் சரியாகச் சொல்லமுடிகிறது. எதற்கு இதெல்லாம் இப்போது வருகிறது. வெயில். சாப்பிடாதது. அது வேறே.

ஈரம். பொடி கறுத்து வருகிறது, நான் எழுந்துவிட்டேன், மஞ்சப்பை கீழே விழுந்தது, எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினேன், ஆயிரத்து நூற்று நாற்பதாவது அடி. குழிக்குப் பக்கத்தில் பொடியைக் கையில் அள்ளிப் பிடித்தேன், உருண்டையாகப் பிடிபட்டது, பிள்ளைகள் பிடிக்கிற மண் லட்டு மாதிரி. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குப்புசாமி தலையை நீட்டினான். “என்னுங்க செகரெட்டரி, ஈரம் கீரம் தட்டுதுங்களா?” உருண்டையைத் தூக்கிக் காட்டினேன். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சொன்னேனா இல்லையா, எனக்குத் தெரியாதா. ஆயிரத்து நூறில் மேனேஜர் நாற்பதாயிரம் முன்பணம் கேட்டபோது நிறுத்தியிருந்தால் இந்த ஈரத்துக்கு நாற்பது அடி மேலே நின்றிருப்பேன், ஆறுச்சாமியைப்போல. தாரணியைத் திரும்பிப் பார்த்தேன். உருண்டையைக் காட்டினேன். அவள் அதையும் குழியைப் பார்த்த மாதிரியே பார்த்தாள். மணி இரண்டு ஐம்பது. அடுத்த ராடு இறங்கியது, பொடி மறுபடியும் வெளுத்தது. அதற்கடுத்த ராடு. வெளுப்பு. “சும்மா கசிவுங்க சார், பாறை வெடிப்புல நிக்கறது. அதெல்லாம் ஊத்து இல்லீங்க” என்றான் மேனேஜர். அவனுக்கு என்ன தெரியும், வண்டிக்குக் கூலிக்காரன். கையிலிருந்த உருண்டை காய்ந்து உதிர்ந்தது, வேட்டியில் துடைத்துக்கொண்டேன். மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது, மூன்று பத்து. அது திருப்பத்தில் எப்போதும் இரண்டு தரம் அடிக்கும். யாரும் எழுந்துகொள்ளவில்லை. ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. பஸ் போய்விட்டது, இனிமேல் அவசரம் இல்லை, இனி நிதானமாகத் தோண்டலாம். ஒரு மனுஷனுக்கு இப்படியும் நிம்மதி வருமா என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. கம்ப்ரசர் ஆரம்பித்துவிட்டது, அந்தக் குரல் அடங்கிப்போயிற்று.

மணி நான்கு. அறுபதாவது ராடு இறங்கி நின்றது. ஆயிரத்து இருநூறு. சத்தம் நின்றது, இந்தத் தடவை ராடு மாட்ட ஆட்கள் நகரவில்லை. மேனேஜர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான், முகம் துடைத்த இடம் மட்டும் மனுஷன் நிறத்துக்கு வந்தது. “சார், நாஞ் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. எனக்குப் போட்டாத்தான் காசு. ஆனா போதுங்க. நிறுத்திக்கலாம். கீழ ஒரே பாறைங்க” என்றான். கூலிக்காரனுக்கு வந்த இரக்கம் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் என்ன அதிசயம், விரல் எழவில்லை. கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரைக்கும் ஐந்தும் தொடைமேல் செத்துக்கிடந்தது. பையைத் தடவிப் பார்த்தேன், ஐம்பதாயிரம். ஒரு லட்சத்து எண்பதில் ஐம்பது. இதையாவது காப்பாற்றிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது, தோன்றியதும் என்மேல் எனக்கே மரியாதை வந்தது. வேறொரு தகப்பனாக இருந்தால் இதையும் உள்ளே போட்டிருப்பான். எழுந்து மட்டைக் குவியலுக்குப் போனேன், பையை இரண்டு கையாலும் தாரணியிடம் நீட்டினேன், சீர்த் தட்டு கொடுப்பதுபோல. “இத வெச்சுக்க சாமி. அப்பா பத்தரமா எடுத்து வெச்சிருக்கேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றேன். அழுவாள், திட்டுவாள், காலில் விழுந்தாலும் விழுவாள் என்று பார்த்தேன். வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்க்கவில்லை. ஷாலை எடுத்து ஃபைல்மேலிருந்த பொடியைத் தட்டினாள், ஃபைலை மட்டைமேல் வைத்தாள், எழுந்து நேராக மேனேஜரிடம் போனாள்.

பையோடு அவன் கையில் வைத்தாள். “இதுக்கு எத்தன அடி போகுமோ அத்தன அடி போடுங்ணா” என்றாள். அவன் என்னைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். “வேண்டாங்க அம்மிணி” என்றான். “எம் பணந்தானுங்ணா” என்றாள். எனக்கு ஓடிப்போய்ப் பிடுங்கவேண்டும்போலத்தான் இருந்தது, ஆனால் கால் நகர்வதற்கு முன்னால் அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிற முகம்தான். “இவ்வளவு தூரம் வந்தாச்சுங்கப்பா. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்” என்றாள். என் நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஊரே சிரித்தாலும் என் மகளுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறது. என் ரத்தம் அல்லவா, அவளுக்குத் தெரியும், இன்னும் இருபது அடி, நாற்பது அடி, அவ்வளவுதான், நான் சொல்லவேண்டியதை அவளே சொல்லிவிட்டாள், நான் சொல்கிற மாதிரியே. நான் சொல்கிற மாதிரியே. அறுநூற்று நாற்பது, அறுநூற்று நாற்பத்தொன்று. மொட்டைமாடிக் காற்று. வியாபாரி இரண்டு கையாலும் வாரிப் போடுகிறான். எண்ணிக்கை போய்விட்டது.

தாரணி விரலைத் தூக்குகிறாள். இடது கை. முழுக்கை முழங்கைவரைக்கும் சரிந்து இறங்குகிறது, முதல் தடவையாக முழுசாகப் பார்க்கிறேன், இஸ்திரிப் பெட்டியின் கூர்மூக்கு மணிக்கட்டைப் பார்த்திருக்கிறது, அகலமான பக்கம் முழங்கையில் இருக்கிறது, ஒரு சுருக்கம் இல்லாமல் மழமழவென்று மின்னுகிறது. வேண்டாம். நான் உள்ளங்கையைக் காட்டுகிறேன், நன்றாக உயரத் தூக்கிக் காட்டுகிறேன், வேண்டாம், நிறுத்து, வண்டியைக் கட்டு. மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. காசு எந்தக் கையிலிருந்து வந்ததோ அந்தக் கையைத்தான் அவர்கள் பார்ப்பார்கள், அது தொழில் பழக்கம். அறுபத்தொன்றாவது ராடை மாட்டிவிட்டார்கள். நான் கத்துகிறேன், கம்ப்ரசர் ஆரம்பித்துவிட்டது, நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. தூக்கிய கையை இறக்காமல் நிற்கிறேன். உள்ளங்கையில் பொடி விழுகிறது. பிடித்துப் பார்க்கிறேன். காய்ந்துதான் இருக்கிறது.